செய்வித்தவர் கணக்கு

பல்லடத்தில் யாரும் எதையும் முழுசாகத் தானே செய்வதில்லை. செய்யக் கொடுப்பார்கள். காடா துணி நெய்யும் தறிக்காரர் பெரும்பாலும் அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் இல்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். கறிக்கோழியிலும் அதே ஏற்பாடுதான். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை, கடைசியில் வளர்ப்புக் கூலி. வடக்கே திருப்பூருக்குப் போனால் ஒரு பனியனுக்கு நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், காம்பாக்டிங் ஓர் இடம், பிரிண்டிங் வேறோர் இடம். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஊரின் வழக்கம் அதுவல்ல. ‘இந்தப் பனியனை நான் செய்தேன்’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். எல்லோரும் கொஞ்சம் செய்தவர்கள், நிறையச் செய்வித்தவர்கள்.

என் அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். நான் தமிழ் எம்.ஏ. படித்தேன், சில வருஷம் டியூஷன் எடுத்தேன், பிறகு திருப்பூர் ரோட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் சேர்ந்தேன். பனியன் கம்பெனிகளுக்கான உற்பத்திக் கணக்கு சாஃப்ட்வேர் எங்களுடையது. துணி ஸ்டோரில் இருப்பவர்களும் சூப்பர்வைசர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி கையேடு எழுதுவது என் வேலை. இப்போது கையேட்டுக்குப் புது வாசகர் வந்திருக்கிறார். ஏஐ ஏஜென்ட். மெர்ச்சண்டைசர் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சொன்னால் போதும். சாஃப்ட்வேருக்குள் இருக்கிற டூல்களில் எது வேண்டும் என்று அதுவே தேர்ந்தெடுத்து ஸ்டாக் பார்க்கும், டெலிவரி சலான் போடும், சாயப்பட்டறைக்கு மெயில் அனுப்பும்.

இதற்கென்று ஒரு பொது முறை வந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. அதன்படி ஒரு டூலுக்கு ஒரு பெயர், என்ன செய்யும் என்று ஒரு விவரிப்பு, என்னென்ன உள்ளே கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். டூலுக்குள் ஓடும் புரோகிராம் கோடு ஏஜென்டின் கண்ணில் படாது. நான் எழுதும் நாலைந்து வரிதான் அதற்கு அந்த டூல்.

இந்த வேலையைத் தொழில்நுட்ப வேலை என்று ஆபீஸில் சொல்கிறார்கள். எனக்கு அது பழைய சமயக் கேள்வி ஒன்றின் பக்கத்தில் போய் நிற்பதாகப் படுகிறது. ஒருத்தி ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த வாக்கியத்தைப் படித்து வேறொன்று வேலையைச் செய்கிறது. வேலை கெட்டால், செய்தது யார்?

முதலில், என்ன கெடும் என்று சொல்லிவிடுகிறேன். சோதனை ஓட்டம் ஒன்றில் ஏஜென்டிடம் ஆலிவ் பச்சை சிங்கிள் ஜெர்சி 400 கிலோவைக் கட்டிங்குக்கு ஒதுக்கச் சொன்னார்கள். சாயம் முடிந்து வந்த துணி ஸ்டோரில் இரண்டு லாட்டாக இருந்தது. ஒன்றில் 310 கிலோ, இன்னொன்றில் 150. முதல் லாட்டை முழுக்க எடுத்து, இரண்டாவதிலிருந்து 90 கிலோ சேர்த்து, 400 என்று கணக்கு நேர் செய்து, ஒரே சலானில் போட்டு முடித்தது. கூட்டல் சரி. துணி ஸ்டோரில் சேர்ந்து ஒரு மாதமான பையன்கூட இதைச் செய்ய மாட்டான். ஒரே ஷேடு, ஒரே சாயப்பட்டறை என்றாலும் லாட்டுக்கு லாட் நிறம் ஒரு நூலிழை தள்ளும். இரண்டையும் கலந்து விரித்து வெட்டினால் முன்பக்கம் ஒரு லாட்டிலும் கை ஒரு லாட்டிலும் வந்து, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு பச்சை தெரியும். அதனால் லாட்டைத் தனித்தனியாக விரிப்பார்கள், தனித்தனியாகக் கட்டுப் போடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்ததாலேயே எந்தக் கையேட்டிலும் இல்லை.

டயா இன்னொரு தொல்லை. நிட்டிங்காரர் டயா என்று சொன்னால் மெஷினின் விட்டம். காம்பாக்டிங்காரர் டயா என்று சொன்னால் முடிந்த துணியின் அகலம். யார் பேசுகிறார் என்பதை வைத்தே கேட்பவர் புரிந்துகொள்வார். பேசுகிற இடமே பாதி அர்த்தத்தைத் தந்துவிடும். எங்கள் திரையில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கட்டம், ‘டயா’. எடை என்றால் சாயத்துக்குப் போகும் முன் இருந்த எடையா, பிராசஸ் லாஸ் போக வந்த எடையா என்பதும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏஜென்டை முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது சும்மா இருந்த இடத்தில் இல்லாததை இட்டுக்கட்டவில்லை. நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை, உலகத்தில் பொதுவாக எழுதப்பட்டதை வைத்து நிரப்பியது. பொதுவான ஒரு கிடங்கில் 310-ஐயும் 90-ஐயும் சேர்த்தால் 400-தான். சிமெண்டுக்கும் அரிசிக்கும் அது பொருந்தும். புதிதாக வந்த பையன் விடுபட்ட இடத்தை எங்கள் ஊர் வழக்கால் நிரப்புவான், தெரியாவிட்டால் மாஸ்டரிடம் கேட்பான். ஏஜென்ட் அதை ஊர் பேர் தெரியாத கோடிப் பேரின் வழக்கால் நிரப்புகிறது. மௌனத்துக்கு இத்தனை நாள் எங்களிடையே இருந்த அர்த்தம் அதனிடம் செல்லாது.

இங்கேதான் எம்.ஏ.வில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்திருந்த நன்னூல் பாயிரம் எனக்குத் திரும்ப வந்தது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டதற்காக எழுதியது. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்று கொங்குப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் சமணர். இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே, ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும், யார் சொல்லித் தர வேண்டும், யாருக்குச் சொல்லலாம் என்று நீளமாகப் பேசுகிறார். பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி. மாணவர்களைத் தரம் பிரிக்கையில் அன்னம், கிளி, ஓட்டைக் குடம் என்று உவமை சொல்கிறார். ஏஜென்ட் அதில் எந்த வகை என்று நாங்கள் ஆபீஸில் டீ நேரத்தில் சண்டை போட்டதுண்டு. கிளி என்றார்கள் பலர். எனக்கு ஒப்புதல் இல்லை. கிளி சொன்னதைத்தான் சொல்லும். இது சொல்லாததையும் செய்கிறது.

எனக்கு உதவியது சிறப்புப் பாயிரத்தின் பட்டியல். ஒரு நூலின் முகப்பில் எட்டு விஷயம் தெரிய வேண்டும் என்கிறது இலக்கணம்: எழுதியவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் செல்லும், நூலுக்குப் பெயர் என்ன, யாப்பு எது, சொல்லும் பொருள் எது, கேட்க வேண்டியவர் யார், கேட்டால் என்ன பயன். டூலின் விவரிப்பை இதன் மேல் வைத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, பயன் அரைகுறையாக இருக்கிறது. எல்லை இல்லவே இல்லை. ‘சாயத்துக்கு டெலிவரி சலான் உருவாக்கும்’ என்று எழுதியிருந்தது. எந்தத் துணிக்கு, எப்போது கூடாது, இரண்டு தடவை அழைத்தால் என்ன ஆகும், எதுவும் இல்லை. நெட் விட்டுவிட்டு வந்தால் ஏஜென்ட் பதில் வரவில்லை என்று மறுபடி அழைக்கும். ஒரே துணிக்கு இரண்டு சலான் கிளம்பிவிடும்.

எம்.சி.பி.யை வகுத்தவர்களும் 2025 மார்ச் பதிப்பில் எல்லையைச் சொல்ல நாலு குறிப்புகளைச் சேர்த்தார்கள். இந்த டூல் படிக்க மட்டுமா, எதையாவது அழிக்குமா, மறுபடி அழைத்தால் நிலைமை மாறாமல் இருக்குமா, வெளி உலகத்தைத் தொடுமா. எனக்குப் பிடித்தது அவர்கள் மௌனத்துக்குக் கொடுத்த பொருள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், இது அழிக்கக்கூடியது, மறுபடி அழைப்பது ஆபத்து, வெளியுலகத்தைத் தொடும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கூடவே, தெரியாத இடத்திலிருந்து வரும் டூல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பாதே என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்த வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்ற கேள்வியில் வைதிகர்களின் மீமாம்சையும் தன் பங்குக்கு வேத வாக்கியங்களைப் பிரித்து வைத்திருக்கிறது: கட்டளையிடும் வாக்கியம் விதி, விலக்கும் வாக்கியம் நிஷேதம், புகழ்ந்து ஆசை காட்டும் வாக்கியம் அர்த்தவாதம். அர்த்தவாதத்துக்குத் தனியாக நின்று ஏவும் பலம் கிடையாது, ஒரு விதியோடு ஒட்டினால்தான் அதற்கு வேலை. சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் எழுதும் விவரிப்பில் முக்கால்வாசி அர்த்தவாதம்தான், ‘சக்தி வாய்ந்த’, ‘எளிதான’, ‘ஒரே நொடியில்’. மனிதர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரே வேலைக்கு இரண்டு டூல் இருந்தால் ஏஜென்ட் விவரிப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது; அங்கே புகழ்ச்சி ஏவலாகிவிடும். எல்லாவற்றையும் அடித்தேன். விற்பனைப் பிரிவில் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் மீமாம்சையோடு எனக்கு ஒரு பிணக்கு. வேதத்துக்கு எழுதியவர் யாரும் இல்லை, அதனால்தான் அது பிழையற்றது என்பது அவர்கள் வாதம். பிழை என்பது ஆளிடமிருந்து வருவது, ஆள் இல்லாவிட்டால் பிழைக்கு வழி இல்லை. அழகான வாதம்தான். டூல் விவரிப்புகளும் இதே தோரணையில்தான் எழுதப்படுகின்றன. ‘இந்த டூல் செய்யும்’, ‘இந்த டூல் தரும்’. பேசுவது யாரென்று இருக்காது, வானத்திலிருந்து விழுந்த மாதிரி. பவணந்தியின் பட்டியலோ எடுத்த எடுப்பில் ஆக்கியோன் பெயரைக் கேட்கிறது. பனியன் கம்பெனி வேலைக்கு நான் பவணந்தி பக்கம்தான்.

பவணந்தியின் சமயத்துக்குள் கொஞ்சம் போனால் என் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இருக்கிறது. என்னோடு எம்.ஏ. படித்த தோழி வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணப் பெண். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் சாப்பிட்டு முடித்துவிடுவாள். நாங்கள் கிண்டல் செய்வோம். அவளிடமிருந்துதான் சமணரின் வினைக் கணக்கை முதலில் கேட்டேன். அது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. ஒரு செயல் மூன்று படியில் நடக்கும்: செய்வதென்று எண்ணுதல், அதற்கான சாதனங்களைத் தயார் செய்தல், தொடங்குதல். சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என்று பெயர். ஒவ்வொன்றும் மனத்தால், வாக்கால், உடலால் நடக்கலாம். அதையும் தானே செய்யலாம், பிறரைக் கொண்டு செய்விக்கலாம், பிறர் செய்வதற்கு உடன்படலாம். பின்னால் நின்று தள்ளுவது சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என நாலு. மூன்றை மூன்றால் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கி, நாலால் பெருக்கினால் 108. வினை வந்து ஒட்டுவதற்கு 108 வாசல்.

நான் சைவக் குடும்பம். வினைக்கு இப்படிக் கணக்குப் புத்தகம் வைப்பது அந்த வயதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது என் வேலை இந்த அட்டவணையில் எங்கே விழுகிறது என்று பார்த்தால், ஒரு கட்டம் அளவெடுத்துத் தைத்த மாதிரி நிற்கிறது: வாக்கால், செய்விப்பதற்காக, சாதனத்தைத் தயார் செய்தல். சாதனத்தை எழுத்தால் தயார் செய்து, இன்னொன்றைக் கொண்டு செய்விப்பது. சமணர்கள் இந்தக் கட்டத்தைத் ‘தானே செய்தல்’ கட்டத்துக்குக் கீழே, வட்டி குறைந்த கடன் மாதிரி வைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

இது எங்கள் ஊருக்கு உறைக்க வேண்டிய இடம். நொய்யல் ஆற்றின் கதை தெரியாதவர் இங்கே இல்லை. 1992-இல் பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. திருப்பூர் ஸ்தம்பித்தது. தப்பில்லாத ஆணை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆணை போன முகவரி சாயப்பட்டறைதான். அந்த நிறத்தை அந்த விலைக்கு அந்தத் தேதிக்குள் கேட்டவர்கள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருந்தார்கள். ‘நாங்களா சாயம் போட்டோம், போடக் கொடுத்தோம்’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் அவர்கள் எல்லோரும் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ள முடிந்தது.

வரிச் சட்டம் இந்த விஷயத்தில் சமணர்களுக்குக் கொஞ்சம் நெருக்கம் என்பது வேடிக்கை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு ஜாப் ஒர்க்கைப் பற்றியது. வரி கட்டாமல் துணியை வெளியே வேலைக்கு அனுப்பலாம், ஒரு வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும். அதுவரை அந்தச் சரக்குக்குச் சரியான கணக்கு வைக்கும் பொறுப்பு கொடுத்தனுப்பியவருடையது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சாயப்பட்டறைக்காரர் தொலைத்துவிட்டார் என்று நீங்கள் வருத்தப்படலாம். துறையின் கேள்வி உங்களுக்குத்தான் வரும்.

ஜாப் ஒர்க்கில் ஒரு பாதுகாப்பு இருந்தது. யாரும் அதைப் பாதுகாப்பு என்று எழுதி வைக்கவில்லை. வேலையை வாங்கிக்கொண்டவர் கேள்வி கேட்பார். அப்பாவுக்குப் பாவு வரும்போது சீட்டில் ஊடை நெருக்கம் (பிக் கணக்கு) வழக்கத்துக்கு மாறாக இருந்தால், பாவைத் தறியில் ஏற்றும் முன் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்விடுவார். “ஏனுங்க, இது எழுதுனது சரிதானுங்களா?” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ தப்பு நின்றிருக்கிறது. தப்பாக நெய்தால் கூலி வராது என்ற பயமும் அதில் உண்டு, நம் கையால் இப்படி ஒன்று வெளியே போகக் கூடாது என்ற கூச்சமும் உண்டு. இரண்டையும் பிரிக்க முடியாது. செய்விப்பவரின் வாக்குக்கும் நடக்கிற செயலுக்கும் நடுவில் இன்னொரு மனம் இருந்தது. வினைக் கணக்கில் அதற்கும் ஒரு பங்கு.

ஏஜென்ட் வந்த பிறகு நடுவில் இருந்த அந்தக் கட்டம் காலி. அதற்கு உயிர் இருக்கிறதா என்று டி.வி.யில் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. சமணக் கணக்குப்படி உயிர் இல்லாததில் வினை ஒட்டாது, விஷயம் முடிந்தது. செய்தவர் என்ற இடத்தில் யாரும் இல்லாதபோது செய்வித்தவரின் பங்கும் சேர்ந்து மறைந்துவிடுமா என்பதுதான் கேள்வி. மறையாது என்பது என் துணிபு. செய்வித்தலும் உடன்படுதலும் தனித்தனி வாசல்கள். முதல் வாசல் அடைத்துவிட்டது என்பதற்காக மற்ற இரண்டும் அடைவதில்லை. ஒருவேளை முன்பு மூன்று பேரிடம் பரவியிருந்த விழிப்பு முழுவதும் இப்போது இந்த இரண்டு வாசலில் நின்றாக வேண்டும்.

எங்கள் புரோகிராமர் தம்பி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. “கத்தி செஞ்சவன் மேல கேஸ் போட முடியுங்களாக்கா?” என்றான். நல்ல கேள்வி. சமணர்கள் அதற்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு எழுதிய இரத்தினகரண்டகம் (அதன் வழி நூல்தான் தமிழில் வந்த அருங்கலச்செப்பு) பயனில்லாத தீமைகள் என்று ஐந்தைச் சொல்கிறது. அதில் ஒன்று கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு போன்ற கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பது. இன்னொன்று தீய வேலைக்கு வழி சொல்லிக் கொடுப்பது. மண்வெட்டி கொடுக்காமல் விவசாயம் எப்படி என்று அவசரப்பட வேண்டாம். அழுத்தம் ‘பயனில்லாமல்’ என்பதில் இருக்கிறது. தேவை இருந்து கொடுப்பது வேறு; கையில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுப்பது வேறு.

நாங்கள் ஏஜென்டுக்குக் கொடுத்திருந்த டூல்களில் பாதி இரண்டாம் வகைதான். சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு வசதியையும், இருக்கிறதே என்று ஒரு டூலாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சலானை ரத்து செய்யும் டூல் அப்படி வந்தது. திரையில் ரத்து என்று அழுத்தினால் கணக்கில் ரத்தாகும். துணி ஏற்றிய வண்டி அவிநாசிபாளையம் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஈ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். வண்டி கிளம்பியதா இல்லையா என்பது சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது, ஸ்டோர்காரர் டிரைவருக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்வார். நான் அந்த டூலுக்கு எச்சரிக்கை எழுதிப் பார்த்தேன். ‘வண்டி கிளம்பியிருந்தால் பயன்படுத்தக் கூடாது.’ வாக்கியம் சுத்தமாக இருந்தது, ஆனால் அதைக் கடைப்பிடிக்க வேண்டிய அறிவு படிப்பவரிடம் இல்லை. கடைப்பிடிக்க முடியாத நிஷேதத்தை எழுதுவது எழுதுபவரின் கையைக் கழுவுவதற்கு மட்டும் உதவும்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்த பிறகும் ஒரு கோடிங் ஏஜென்ட் ஒருவருடைய தரவுத்தளத்தை அழித்தது. தரவு பிறகு மீண்டது. எல்லோரும் ஏஜென்டைத் திட்டினார்கள். அழிக்கும் அதிகாரம் அதன் கையில் எந்தப் பயனுக்காக இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அருங்கலச்செப்புக்காரர் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். கோடரியைக் கொடுத்துவிட்டு, அதன் பிடியில் நல்ல எழுத்தில் ‘வெட்டாதே’ என்று செதுக்குவதில் அவருக்கு ஆர்வம் இருந்திருக்காது.

முதலாளியிடம் பேசி ரத்து டூலை எடுக்க வைத்தோம். சும்மா சொல்லக் கூடாது, அதனால் இடைஞ்சலும் உண்டு. ராத்திரி ஷிப்டில் தப்புச் சலான் ஒன்றை நிறுத்த ஆள் எழுந்து வர வேண்டியிருக்கிறது. மெர்ச்சண்டைசர் பெண்கள் இரண்டு பேர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது வாசல் உடன்படுதல். அதற்கு எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கிறது, ‘அப்ரூவ்’. ஏஜென்ட் சலானைத் தயார் செய்து வைக்கும், மனுஷர் பார்த்து அழுத்தினால்தான் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஷிப்மெண்ட் நெருக்கடியில், ஒரு கையில் போன், இன்னொரு கையில் டீ, பட்டனை அழுத்திக்கொண்டே போகிறார்கள். உடன்பட்டதும் வினைதான் என்று சமணர் சொன்னால் அவர்கள் மேல் பாரத்தை ஏற்றிவிட்டு நான் விலகிவிடலாம். ஆனால் எதைப் பார்த்து உடன்படுகிறார்கள்? ஏஜென்ட் காட்டும் சுருக்கத்தை. அந்தச் சுருக்கம் எப்படி வர வேண்டும் என்று எழுதுவதும் நான்தான். ‘சலான் தயார், 400 கிலோ’ என்று இருந்தால் யாரும் அழுத்துவார்கள். இப்போது இரண்டு லாட் சேர்ந்தால் முதல் வரியிலேயே ‘இரண்டு லாட் கலந்திருக்கிறது, கட்டிங் மாஸ்டருக்குத் தெரியுமா?’ என்று வரும்படி எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்தால் கை கொஞ்சம் நிற்கிறது. எப்போதும் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன்.

விவரிப்புகளையும் மாற்றி எழுதினேன். டயாவை இரண்டு கட்டமாகப் பிரிக்கச் சொன்னேன், மெஷின் டயா, முடிந்த டயா. எடைக்குப் பக்கத்தில் எந்த எடை என்று வந்தது. லாட் கலக்கக் கூடாது என்பதோடு, ஏன் கூடாது என்ற காரணத்தையும் ஒரு வரியில் எழுதினேன்; காரணம் தெரிந்தால், நான் நினைத்துப் பார்க்காத சந்தர்ப்பத்திலும் ஏஜென்ட் ஏறக்குறையச் சரியாக நடக்கிறது. வெறும் தடையைப் படித்தால் தடையின் எழுத்தளவுக்குத்தான் நடக்கும். இது நான் எதிர்பார்க்காத சந்தோஷம். எந்த இடத்தில் நின்று மனுஷரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். அப்பாவின் ஃபிஃப்டியை அதற்குள் வைக்க முடியாது. அந்தக் கேள்வியையாவது வைக்கலாம்.

“இத்தனையும் எழுதுனா டோக்கன் வீணாப் போவுதுங்க்கா” என்றான் தம்பி. அவன் சொல்வது நிஜம். ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் எல்லா விவரிப்பையும் படிக்கிறது, படிக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. பவணந்தியும் மிகையாகச் சொல்வதைக் குற்றத்தில்தான் வைக்கிறார்; ஆனால் அவர் அந்தப் பத்தில் முதலாவதாக வைத்தது குறையாகச் சொல்வதை. அந்த வரிசையைத் தம்பியிடம் சொன்னேன். சில வரிகளை நானும் குறைத்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். ஒவ்வொரு விவரிப்புக்கும் மேலே, எழுதியவர் பெயரும் திருத்திய தேதியும் வேண்டும்.

“ஏஜென்டுக்கு உங்க பேரு எதுக்குங்க்கா?”

அதற்கு வேண்டாம், நாளைக்கு ஒரு லோடு துணி கெட்டுப்போய் யார் இப்படி எழுதினது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு வேண்டும் என்றேன். யோசித்தான். விவரிப்பில் போட்டால் டோக்கன், அதனால் கோடில், ஏஜென்ட் படிக்காத கமெண்ட் வரியில் போடலாம் என்று ஒத்துக்கொண்டான். முப்பது சொச்சம் டூலிலும் என் பெயர் ஏறிவிட்டது. விவரிப்புக்கு நான் என்றால் டூலின் கோடுக்கு நீ, உன் பெயரையும் கீழே போடு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.